பூக்காத செடிக்குப் பூத்த தேதி

ஈரக் கீரைக்கட்டு ஒன்று என் மேஜைமேல் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் மாதாந்திர அறிக்கையின் ஆபீஸ் பிரதி விரித்துக் கிடந்தது. நீல மையில் நான் அழகாக எழுதியிருந்த ஒரு வரி, கீரைத் தண்ணீர் பட்டு, என் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

"பூவக் காட்டுங்கய்யா," என்றாள் செல்லாயி. "காட்டிட்டீங்கன்னா நான் பேசாமப் போயிடுறேன்."

காலை பதினொரு மணி. காபிக்குப் போனவர்கள் திரும்பி வந்து, அடுத்த காபி வரை என்ன செய்வது என்று யோசிக்கும் நேரம். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பியூன்கூட எழுந்து நின்றான். அதிகாரி வந்தாலே எழுந்திருக்காதவன் அவன்.

"என்ன பூ?" என்று கேட்டேன். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பது குமாஸ்தா வேலையின் முதல் பாடம். அதில் நான் சீக்கிரமே தேறியிருந்தேன்.

"இந்த ஆரைக் கீரைப் பூவுதாங்க. பூத்துருச்சுன்னு ஆபீசுல எழுதி அனுப்பிட்டீங்களாம். அதனால கரைய வெட்டணுமாம். மேஸ்திரி வந்து சொன்னாரு. நானும் பன்னெண்டு வருசமாப் பறிக்கிறேன், ஒரு நா பூத்துப் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்க. எனக்கும் காட்டுங்க, கண் குளிரப் பாத்துக்கறேன்."

டைப்ரைட்டர் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

ஆரைப் பூவை நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அது பூக்காத செடி. அது பூத்துவிட்டது என்று தேதி போட்டு மேலிடத்துக்கு எழுதியவன் நான். அந்தத் தேதியின் மேல்தான் அவளுடைய கீரை இப்போது ஒழுகிக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆபீஸ்களில் என்ன ஒழுங்கு, என்ன நேர்மை!" என்று ஒரு வாசகர் உருகி உருகிக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்காகவே இந்த வாரம் இதைச் சொல்கிறேன்.

நாலு இலை

ஆரைக்கீரையை இந்தத் தலைமுறைக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. இப்போது அதைப் பொடியாக்கி, பாட்டிலில் அடைத்து, முன்னால் ஒரு சாமியார் படமும் போட்டு விற்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் மைசூர்பாகு சாப்பிடுகிறார்கள்.

செடி என்னவோ மிகச் சாதாரணமானது. குட்டை ஓரத்துச் சேற்றில் கொடியாக ஓடும். கணுவுக்குக் கணு ஒரு காம்பு மேலே எழும்பும். காம்பின் உச்சியில் நாலு இலை, சிலுவை போட்ட மாதிரி. தண்ணீரில் இருந்தால் இலை மிதக்கும். தண்ணீர் வடிந்தால் குடை பிடித்து நிற்கும். புதுத் தளிர் மரவட்டை போலச் சுருண்டிருந்து பிரியும். சாயங்காலமானால் நாலு இலையும் மேல்நோக்கிக் கூம்பிக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் மாதிரி, ஐந்து மணிக்குமேல் வேலை கிடையாது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அகப்பட்ட எங்கள் தீவில், வாய்க்கால் ஓரம், வயல் ஓரம், குட்டை ஓரம் என்று எங்கு பார்த்தாலும் இது உண்டு. பாசிப்பருப்புப் போட்டுப் பொரித்தால் லேசான துவர்ப்போடு இருக்கும்.

சமீபத்தில் வெளிநாட்டிலிருந்து என் உறவுக்காரப் பையன் ஒருவன் நாலு இலைப் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பினான். நாலு இலை அங்கே அதிர்ஷ்டமாம். கிடைப்பது அபூர்வமாம். அந்த அதிர்ஷ்டத்தை நாங்கள் கட்டுக் கட்டாக வாங்கித் தாளித்துச் சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் யாருக்கும் எதுவும் நேர்ந்துவிடவில்லை.

ஆறாவது கட்டம்

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். நான் படிப்பை முடித்து, ஒரு சுகாதார அலுவலகத்தில் இளநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். திருவானைக்காவலில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். புதுக் கல்யாணம். புது சைக்கிள். உத்தியோகத்தில் இன்னும் நிரந்தரமாகவில்லை. 'புரொபேஷன்' முடிய மூன்று மாதம் இருந்தது.

அந்த ஆபீஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். சமயபுரம் திருவிழாக் காலத்தில் யாத்ரீகர்களுக்குக் காலரா ஊசி போடுவோம். அதை உண்மையிலேயே நன்றாகச் செய்தோம். அதற்கான படிவம் சின்னது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கெடுதல் ஒரு சுற்றறிக்கையில் வந்தது. ஆகாயத்தாமரை வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருந்த காலம். அது பூப்பதைக் கவனித்து, பூத்த பதினைந்து நாளுக்குள் அழிக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவு. ஆகாயத்தாமரை பூக்கும், கத்தரிப்பூ நிறத்தில், ரயிலில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரிப் பூக்கும்.

எங்கள் ஹெட் கிளார்க் வரதாச்சாரி அதற்கான எங்கள் படிவத்தில் "மற்றும் பிற நீர்த்தாவரங்கள்" என்று சேர்த்தார். அவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். முப்பது வருஷ சர்வீஸ். நெற்றியில் திருமண்ணும் காதில் பென்சிலும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு சார் மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஓய் நடராஜன், மேலேர்ந்து சொன்னதைவிடக் கொறைச்சுப் பண்ணினா ஏன்னு கேப்பான். அதிகமாப் பண்ணினா எவனும் கேக்க மாட்டான். எழுதும்."

எழுதினேன். எல்லைக்குள் இருந்த குட்டைகளுக்கெல்லாம் எண் கொடுத்தோம். ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு வரி. அதில் என்ன தாவரம், எவ்வளவு பரப்பு என்று ஐந்து கட்டங்கள். ஆறாவது கட்டம்: முதல் பூ கண்ட தேதி. ஏழாவது: பூவின் நிறம். எட்டாவது: அழித்த தேதி.

ஏழாம் எண் குட்டையில் ஆகாயத்தாமரை இல்லை, அல்லி இல்லை, கரை முழுக்க ஆரை மட்டும்தான். ஜனங்கள் அதைத் தாழங்குட்டை என்று சொல்வார்கள். ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது: கட்டம் ஆறு பூர்த்தி செய்யப்படவில்லை.

அடுத்த மாதம் "இல்லை" என்று எழுதினேன். பூ இல்லையா, பார்வையிடவே இல்லையா, தெளிவுபடுத்துக என்று திரும்பி வந்தது.

அதற்கடுத்த மாதம் "இன்னும் பூக்கவில்லை" என்றேன். எப்போது பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்டார்கள்.

"எதிர்பார்க்கப்படவில்லை" என்றேன். எதிர்பார்க்காததற்குக் காரணம் கேட்டார்கள்.

இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். நானும் பட்டதாரி. எங்கள் யாருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று பார்க்கலாம் என்று தோன்றவில்லை. அதற்குப் பயணப்படி கிடையாது.

வெள்ளை

நாலு மாதம் இப்படிப் போனபின் வரதாச்சாரி என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், காலிக் கட்டம்ங்கறது பசிச்ச கொழந்தை மாதிரி. எதையாவது வாயில வைக்கற வரைக்கும் கத்திண்டேதான் இருக்கும். ஒரு தேதியைப் போடும்."

"பூக்கலையே சார்."

"நீர் போய்ப் பாத்தீரா?"

"இல்லை."

"அப்போ பூக்கலேன்னு உமக்கெப்படித் தெரியும்?"

கரையில் நின்று பார்க்காத இரண்டு பேர், பூத்ததா இல்லையா என்று வாதாடினால், சர்வீஸ் அதிகமானவர்தான் ஜெயிப்பார்.

போன மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூத்தது என்றால், விடுமுறை நாளில் யார் பார்த்தது என்று கேள்வி வரும். நிறம் என்ன போடுவது என்று கேட்டேன்.

"வெள்ளை போடும். வெள்ளைக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டா."

அந்த மாதம் அறிக்கை திரும்பி வரவில்லை. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி மட்டும் வந்தது. வரதாச்சாரி தன் கைக்காசில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் சர்வீஸில் அது இரண்டாவது தடவை என்று பியூன் சொன்னான். நல்ல டிகிரி காபி. நானும் சந்தோஷமாகத்தான் குடித்தேன்.

ஒன்றை மறந்துவிட்டோம். பூத்தது என்று எழுதினால் அதோடு முடியாது. எட்டாவது கட்டம் இருக்கிறது. கரையை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, கொடியையும் வேரையும் எரித்து, சுண்ணாம்பு தூவ வேண்டும். உத்தரவு தானாகவே கிளம்பிவிட்டது. மேஸ்திரி ஆள் சேர்த்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். பொய்யைச் சரிபார்க்க ஒருவரும் வரவில்லை. அதை நிறைவேற்ற மட்டும் எட்டு ஆட்களும் மண்வெட்டியும் தயாராக இருந்தார்கள்.

வாய் உள்ளவள்

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் செல்லாயி வந்து என் மேஜைமேல் கட்டைப் போட்டாள்.

அவளை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் அவள்தான் கீரை விற்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் முசிறிப் பக்கம் வாழைத்தார் சுமக்கப் போய், இடுப்பு ஒடிந்து திரும்பி வந்து படுத்தவன். அவள் பறித்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு. அவளுக்கு இருந்தது தாழங்குட்டையின் தெற்குக் கரை ஒன்றுதான். அது அவளுக்குச் சொந்தமில்லை, பட்டா இல்லை, குத்தகை இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் பறித்து வந்ததால், வேறு யாரும் அங்கே கை வைப்பதில்லை. அவ்வளவுதான் அதன் சட்டம்.

"பாரும்மா, இது மேலிடத்து உத்தரவு," என்று ஆரம்பித்தேன்.

"மேலிடத்துக்காரவுங்க வந்து பாத்தாங்களா?"

"அவங்க வர மாட்டாங்க. நாங்கதான் எழுதுவோம்."

"நீங்க வந்து பாத்தீங்களா?"

பின்னாலிருந்து வரதாச்சாரி குரல் கொடுத்தார். "இந்தாம்மா, கொசு வர்றதுன்னுதான் இதெல்லாம். உங்க நன்மைக்குத்தான்."

"சாமி, கொசு ஆரையிலயா குந்தியிருக்கு? உங்க ஆபீசுக்குப் பின்னால ஒரு சாக்கடை இருக்கே, அது என்னா பூ பூக்குது?"

இப்போது இருமலாக மாற்றாமலேயே சிரித்தார்கள். வரதாச்சாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

செல்லாயி குரலைத் தாழ்த்தினாள். அதுவரை ஆபீஸுக்கே பேசியவள், அப்போது என்னிடம் மட்டும் பேசினாள்.

"ஐயா, வெட்டிச் சுண்ணாம்பப் போட்டா ரெண்டு மூணு வருசத்துக்கு அந்தக் கரையில ஒண்ணும் எழும்பாது. நான் வேற எங்க போயிப் பறிப்பேன்? ஒவ்வொரு கரைக்கும் ஒருத்தி இருக்கா. நீங்க படிச்சவுங்க. பூக்கலன்னு ஒரு வரி எழுதுங்க. அம்புட்டுதான் நான் கேக்கறது."

ஒரு வரி. அது உண்மையும்கூட. அதைவிடச் சுலபமான வேண்டுகோள் என் சர்வீஸில் வேறு எதுவும் வந்ததில்லை. எழுதுகிறேன் என்று சொன்னேன். கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போனாள். மேஜை ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உமர் எழுதிக் கொடுத்த காகிதம்

சும்மா எழுத முடியாது, ஆதாரம் வேண்டும். அன்று சாயங்காலமே காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்கு மிதித்தேன். என்னோடு படித்த உமர் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தான். பரம்பரை டவுன்காரன், கோட்டைக்குத் தெற்கே வீடு. பரிசோதனைக்கூடத்தில் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு எதையோ நறுக்கிக்கொண்டிருந்தான். செல்லாயியின் கீரைக்கட்டிலிருந்து உதிர்ந்திருந்த ஒரு கொத்து ஆரையைக் காட்டினேன்.

"இது எந்த மாசம் பூக்கும்?"

"இதுலயா? எவன்டா சொன்னான் பூக்கும்னு?"

"நான்தான்."

"வாயால சொன்னியா, எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"அல்லாவே. அப்ப அது பூத்த மாதிரிதான்," என்றான்.

பிறகு சொல்லிக் கொடுத்தான். இது பெரணி வகை. பூவும் கிடையாது, விதையும் கிடையாது. காம்படியில் மிளகு போல், கறுப்பாகக் கெட்டியாக ஒன்று இருக்கும். அதற்குள் விதைக்குப் பதிலாகத் தூள் மாதிரி வித்துகள். ஒரு பழைய புட்டியைக் குலுக்கிக் காட்டினான்.

"இதை நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி யாரோ பறிச்சுப் போட்டிருக்காங்க. லேபிள்கூடச் செல்லரிச்சுப் போச்சு. போன வருசம் ஒண்ணைக் கீறித் தண்ணியில போட்டேன். மொளச்சுருச்சுடா."

அத்தனை வருஷம் காய்ந்து கிடந்தும் உள்ளே உயிர் இருந்திருக்கிறது. எங்கள் ஆபீஸ் அலமாரிகளிலும் அதைவிடப் பழைய சரக்கு இருந்தது. எதிலிருந்தும் எதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை.

"வெட்டிச் சுண்ணாம்பு போட்டாலும் மொளைக்குமா?" என்று, செல்லாயி விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"என்னைக்காவது மொளைக்கும். அந்தப் பொம்பள அதுவரைக்கும் என்ன திங்கறது?"

கல்லூரிக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இந்தத் தாவரம் பூப்பதில்லை, பூத்ததில்லை, பூக்கப்போவதும் இல்லை. இவ்வளவு தெளிவான ஒரு காகிதத்தை நான் அரசாங்க உத்தியோகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஏழும் பதினொன்றும்

மறுநாள் காலை அதை வரதாச்சாரியிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கான். இது மேலே போனா என்னாகும், சொல்லும்."

"வெட்டறதை நிறுத்துவாங்க."

"நிறுத்துவா. அப்புறம், பூக்காத செடி பூத்ததுன்னு எழுதினது யார்னு ஒரு கடுதாசி வரும். கையெழுத்து யாரோடது?"

என்னுடையது.

"புரொபேஷன் எப்போ முடியறது?"

மூன்று மாதத்தில்.

"பெருமாள் காப்பாத்தட்டும்," என்றார். கேலி இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரை வைதுவிட்டு இந்த அத்தியாயத்தை முடித்திருப்பேன்.

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

"வாயால சொன்னேன், ஓய்."

கொஞ்ச நேரம் அறிக்கையைப் புரட்டினார். பிறகு அந்த ஆபீஸின் முப்பது வருஷ ஞானத்தையும் ஒரே வாக்கியத்தில் எனக்கு இறக்கிவைத்தார். "விஷயத்தைத் திருத்தினா விளக்கம் கேப்பா. நம்பரைத் திருத்தினா எவனும் கேக்க மாட்டான்."

வழி இதுதான். பூத்தது உண்மை, தேதி உண்மை, நிறம் உண்மை. குட்டையின் எண்தான் தவறிவிட்டது. ஏழு என்று இருப்பதைப் பதினொன்று என்று படித்துக்கொள்ளவும். குமாஸ்தாப் பிழை. இதற்கென்று ஒரு திருத்தச் சீட்டு உண்டு, உள்ளங்கை அகலம். ஒரு நாளைக்கு நாலு போகும். அதைப் பார்த்து யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை.

பதினொன்றாம் எண் எது என்று பட்டியலில் பார்த்தேன். கொள்ளிடக் கரைப் பக்கம், மணல்குட்டை. ஆரை, கொஞ்சம் பரப்பு; அதனாலோ என்னவோ அதன் காலிக் கட்டத்தை யாரும் சுழிக்கவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறம். அந்தப் பக்கம் நான் போனதில்லை. நான் போகாத இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு ஒருவன் நிறையப் படித்திருக்க வேண்டும்.

சீட்டை எழுதினேன். பகல் தபாலில் போயிற்று. சாயங்காலத்துக்குள் மேஸ்திரிக்கும் சொல்லியாயிற்று. உமரின் காகிதம் என் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை செல்லாயி கூடையோடு எங்கள் தெருமுனையில் வந்தாள். சைக்கிளை நிறுத்தி, நானே கூப்பிட்டுச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"உன் கரையை வெட்ட மாட்டாங்க. எழுதிட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும். பூக்கலன்னு எழுதிட்டீங்களா?"

"எப்படியோ எழுதினேன். அது உன் குட்டை இல்லை, வேற குட்டைன்னு மாத்தியாச்சு."

கும்பிட்ட கை இறங்கியது. "எந்தக் குட்டைங்க?"

"கொள்ளிடத்துப் பக்கம். மணல்குட்டை."

கூடையை இறக்கி வைத்தாள். "அங்க அஞ்சல பறிக்கிறாளேய்யா."

"அஞ்சலை யாரு?"

"என்னாட்டம் ஒருத்தி." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு வாய் இருக்கு, உங்க ஆபீசுப் படியேறி வந்தேன். அவளுக்கு அதுவும் கெடையாது. யாராவது நிமிந்து பாத்தாலே முந்தானையக் கடிச்சுக்குவா. அவ தலையிலயா போட்டீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

"என்னோடதும் உங்களுக்குத் தெரியாதுதான். நான் வந்து சொன்னேன், தெரிஞ்சுது," என்றாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் இருந்தது. ஒரே ஒரு முயற்சி செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு திருத்தச் சீட்டு அனுப்பலாமா என்று வரதாச்சாரியிடம் கேட்டேன்.

"ஒரு பிழைக்கு ஒரு திருத்தம்தான், ஓய். ரெண்டாவது போனா அதுக்குப் பேர் திருத்தமில்லே, விசாரணை."

இழுப்பறையைத் திறந்திருந்தால் உமரின் காகிதம் கிடைத்திருக்கும். திறக்கவில்லை.

திங்கட்கிழமை மணல்குட்டைக் கரையை வெட்டினார்கள். எட்டாவது கட்டத்தில் தேதி போட்டேன். பொய்யான வரியில் அது ஒன்றுதான் உண்மையான தேதி. மூன்று மாதம் கழித்து என்னை நிரந்தரம் செய்து உத்தரவு வந்தது. அதில் என் பணி திருப்திகரமாக இருந்ததாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நான் மேலும் மேலும் உயர்ந்து, எல்லாப் படிவங்களையும் கரைத்துக் குடித்து, மரியாதையாக ஓய்வு பெற்றேன். மணல்குட்டையில் ஆரை திரும்ப வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குட்டையை நான் இன்று வரை பார்த்ததில்லை.

குச்சி

தாழங்குட்டையைப் போய்ப் பார்த்தேன், மணல்குட்டைக் கரையை வெட்டி இரண்டு வாரம் கழித்து. யாரும் அனுப்பவில்லை.

தெற்குக் கரையில் செல்லாயி முழங்கால் வரை சேற்றில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி இன்னொருத்தி, ஒல்லியாக, சிறு வயதுக்காரி. சைக்கிள் சத்தம் கேட்டதும் முந்தானை நுனி அவள் வாய்க்குப் போயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில், கரையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு மூங்கில் குச்சி ஊன்றியிருந்தது.

பன்னிரண்டு வருஷமாகத் தனக்கு என்று இருந்த ஒரே கரையில் செல்லாயி பாதியைக் கொடுத்திருந்தாள். மனு இல்லை, படிவம் இல்லை, திருத்தச் சீட்டு இல்லை. எத்தனை நாளில் முடிவு செய்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

"என்னங்கய்யா, பூ பாக்க வந்தீங்களா?" என்றாள்.

"சும்மா வந்தேன்."

"சும்மாதான் வரணும். இந்தக் குச்சிக்கு ஒரு நம்பரப் போட்றாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அஞ்சலை சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். முந்தானை மறைத்திருந்தது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆபீஸுக்குப் போய், பதினைந்து நிமிஷம் தாமதம் என்று வருகைப் பதிவேட்டில் உண்மையாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆரைக்கீரைப் பொரியல். இரண்டு கரண்டிக்குமேல் வரவில்லை.

"கட்டப் பாத்தீங்களா, அப்படியே பாதியாக்கிட்டா அந்தச் செல்லாயி," என்றாள் என் மனைவி. "கேட்டா, இனிமே இப்படித்தான் இருக்கும்மாங்கறா. என்ன திமிரு! ஏங்க, நீங்க ஆபீசுலதான இருக்கீங்க? இந்த மாதிரி ஏமாத்தறவங்கள எல்லாம் கேக்கறதுக்கு ஒரு விதி கிடையாதா?"

எனக்கு எல்லா விதியும் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே, கிடையாது என்றேன்.